டர்பனில் ஆய்வுக்காரர்கள் கதவைத் தட்டினால்: புதிதாக வந்த தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனுக்கு வந்து கொஞ்ச நாளில் இது நடக்க வாய்ப்பு உண்டு. சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வாடகைக்கு வீடு எடுத்திருப்பீர்கள். சனிக்கிழமை காலையில் கழுத்தில் பல்கலைக்கழக அடையாள அட்டை தொங்க இரண்டு பேர் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். வீட்டில் எத்தனை பேர், யாருக்காவது சுகர் இருக்கிறதா, விரலில் ஒரு துளி ரத்தம் எடுக்கலாமா என்று கேட்பார்கள். இல்லாவிட்டால் கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது ஆய்வில் சேர அழைக்கும் துண்டுத்தாள் ஒன்றை நர்ஸ் கையில் கொடுப்பார். ஊரிலிருந்து வந்த நம் ஆட்களில் பலர், விசாவில் ஏதாவது சிக்கல் ஆகிவிடுமோ என்று கதவையே திறப்பதில்லை. மற்றவர்கள், படித்தவர்கள் கேட்கிறார்களே என்று ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம்.

இங்கே ஒரு சுகாதார ஆய்வு மையத்தின் சமூக ஆலோசனைக் குழுவில் நானும் இருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. கூட்டத்துக்குப் போவதும், மக்களிடம் கொடுக்கப்போகும் படிவங்களைப் படித்துப் பார்ப்பதும், புரியாத வாக்கியத்தைச் சுட்டிக்காட்டுவதும்தான் என் வேலை. அங்கே உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஆய்வில் சேருங்கள், ஆனால் முடிவு உங்களுக்கும் உங்கள் தெருவுக்கும் திரும்ப வருமா என்று கேட்காமல் சேராதீர்கள்.

இவர்கள் யார், எதற்கு வருகிறார்கள்

தென்னாப்பிரிக்காவில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேரிடம்தான் மெடிக்கல் எய்டு, அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு, இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அரசு கிளினிக்கும் அரசு ஆஸ்பத்திரியும்தான். ஒரே ஊரில் ஒருவருக்கு நாள் குறித்து ஸ்கேன் எடுக்கிறார்கள், இன்னொருவர் விடியற்காலையிலேயே வரிசையில் இடம் பிடிக்கிறார். இந்த இடைவெளி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் அரசாங்கத்திடம் போய்ப் பேச வேண்டுமானால் எண்ணிக்கை வேண்டும். அதைத் திரட்டுவதும், இடைவெளியைக் குறைக்க எது உதவும் என்று சோதித்துப் பார்ப்பதும்தான் இந்த மையங்கள் செய்கிற வேலை.

டர்பனில் முக்கியமானது குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம். உம்பிலோ ரோட்டில் இருக்கும் அதன் மருத்துவக் கல்லூரி 1951இல் தொடங்கியது. வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கென்றே அன்றைக்கு ஒதுக்கப்பட்ட கல்லூரி அது. இன்றைக்கு நெல்சன் மண்டேலா பெயரில் இருக்கிறது. அதே வளாகத்தில்தான் 2002இல் தொடங்கிய கேப்ரிசா என்னும் எய்ட்ஸ் ஆய்வு மையம் இருக்கிறது. சலீம் அப்துல் கரீம், குரைஷா அப்துல் கரீம் தம்பதியின் பெயரைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். அவர்கள் நடத்தும் மையம் அது. எய்ட்ஸின் பொருளாதாரப் பக்கத்தைப் பார்க்கும் ஹெர்டு என்ற பிரிவும் இதே பல்கலைக்கழகத்தில் உண்டு. அவர்கள் ரத்தம் எடுக்க வர மாட்டார்கள், பணம் எங்கே போகிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். வடக்கே மட்டுபடுபா பக்கம் சோம்கேலேயில் அஹ்ரி என்ற சுகாதார ஆய்வு மையம் இருக்கிறது. இது தனி நிறுவனம் என்றாலும் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்குவது. ஜோஹானஸ்பர்க் பக்கம் போனால் விட்ஸ் பல்கலைக்கழகம். ம்புமலாங்கா மாகாணத்தின் அகின்கோர்ட் கிராமங்களில் அவர்கள் 1992 முதல் வீடு வீடாகப் பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வு எல்லாவற்றையும் எழுதி வருகிறார்கள்.

இப்படி வருடக்கணக்கில் எழுதுவதால் என்ன பயன் என்பதற்கு ஒரு உதாரணம். அஹ்ரியின் முன்னோடி மையம் கணக்கெடுத்து வந்த பகுதியில், 2003இல் பெரியவர்களின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 49.2 ஆண்டு. அரசு கிளினிக்குகளில் ஏஆர்வி, அதாவது ஹெச்ஐவியைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, கொடுக்க ஆரம்பித்த பிறகு 2011இல் அது 60.5 ஆண்டுக்கு வந்தது. எட்டு வருடத்தில் பதினோரு வருட ஆயுள். மாத்திரைக்கு ஆகும் செலவு வீண் என்று சொன்னவர்களுக்கு அதன் பிறகு பேச்சு எழவில்லை. அந்தக் கணக்கு இருந்ததே, ஒவ்வொரு வீட்டிலும் யாரோ கதவைத் திறந்து பதில் சொன்னதால்தான்.

அதே இடத்தில் 2018இல் வுகுசாசி என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். ஊருக்குள் கூடாரம் போட்டு, 15 வயதும் அதற்கு மேலும் ஆன 17,118 பேரை ஹெச்ஐவி, காசநோய், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் பரிசோதித்தார்கள். ஹெச்ஐவி இருந்தவர்களில் நூற்றுக்கு 78 பேருக்கு நோய் நன்றாகக் கட்டுப்பாட்டில் இருந்தது. ரத்த அழுத்தத்தில் 42 பேருக்குச் சற்று மேல். சர்க்கரையில் வெறும் 7. பணமும் கவனமும் எந்த நோய்க்குப் போயிற்றோ அது அடங்கியிருந்தது, போகாதது அடங்கவில்லை. நம் வீடுகளில் சுகர் எப்படி இருக்கிறது என்று யோசித்தால் இந்த 7 என்ற எண் நமக்கும் சொந்தம் என்று தெரியும். டர்பன் இந்தியர்களிடையே நடந்து 1994இல் வெளியான ஆய்விலேயே, வயது வேறுபாட்டைச் சரிசெய்த பிறகு நூற்றுக்கு 13 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய கணக்கு அது.

படிவத்தில் வரும் இனக் கட்டம்

புதிதாக வந்தவர்களுக்கு முதல் அதிர்ச்சி இதுதான். கறுப்பின ஆப்பிரிக்கர், கலர்டு (கலப்பினத்தவர்), இந்தியர் அல்லது ஆசியர், வெள்ளையர் என்று கட்டம் போட்டு, எதில் வருவீர்கள் என்று கேட்பார்கள். இனவெறி ஆட்சி முடிந்து இத்தனை வருடம் ஆன பிறகும் ஏன் இது? அந்த ஆட்சி மக்களைப் பிரித்த அதே கோட்டின் வழியாகத்தான் ஆஸ்பத்திரியும், குடிதண்ணீரும், ஆலைப் புகையும் பிரிந்து கிடந்தன. அந்த இடைவெளி மூடுகிறதா இல்லையா என்று பார்க்க அதே கோட்டின் வழியாகத்தான் அளக்க வேண்டியிருக்கிறது. பதில் சொல்லாமல் விடவும் உங்களுக்கு உரிமை உண்டு. நான் சொல்லிவிடுவேன்.

ஆனால் ஒன்று. 1860 நவம்பர் 16ஆம் தேதி மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய கூலித் தொழிலாளர்களின் ஐந்தாம் தலைமுறைப் பேரனும், போன வருடம் மதுரையிலிருந்து வேலைக்கு வந்த நீங்களும் ஒரே கட்டத்தில்தான் விழுவீர்கள். சாப்பாடு வேறு, வேலை வேறு, ஆவணம் வேறு, கிளினிக்கில் கிடைக்கும் மரியாதையும் வேறு. எந்த நாட்டில் பிறந்தீர்கள், எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்ற கேள்வி படிவத்தில் இல்லையென்றால், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். ஆய்வாளர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை, பெரும்பாலும் நன்றிதான் சொல்வார்கள்.

கையெழுத்துக்கு முன்

வந்தவர்கள் உண்மையான ஆட்களா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இங்கே மனிதர்களை வைத்து நடக்கும் எந்தச் சுகாதார ஆய்வுக்கும், பதிவு பெற்ற நெறிமுறைக் குழு ஒன்றின் அனுமதி வேண்டும். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ ஆய்வுகளைப் பார்க்கும் குழுவின் சுருக்கப் பெயர் ப்ரெக். தகவல் தாளில் அனுமதி எண்ணும் குழுவின் தொலைபேசி எண்ணும் இருக்கும். இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இருந்தாலும் அந்தத் தாளில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் எண்ணைத் தேடி எடுத்து அழைத்து, இந்த அனுமதி எண்ணில் ஆய்வு உண்டா என்று கேளுங்கள். மோசடிக்காரர்கள் இந்த ஊரிலும் உண்டு. உண்மையான ஆய்வில் யாரும் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள், வங்கி ரகசிய எண்ணும் கேட்க மாட்டார்கள்.

அடுத்து, இது எந்த மாதிரி ஆய்வு என்று தெரிந்துகொள்ளுங்கள். கேள்வித்தாள் ஆய்வு என்றால் ஒரு மணி நேரத்தோடு முடிந்துவிடலாம். தொடர் ஆய்வு என்றால் வருடக்கணக்கில் வந்து போவார்கள், வீடு மாறினால் சொல்ல வேண்டும். மருந்துச் சோதனை என்றால் கதையே வேறு, அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

விசா பற்றிய பயத்துக்கு வருவோம். ஆய்வு மையம் உள்துறை அமைச்சகத்தின் கிளை இல்லை. உங்கள் பதில்கள் பெயருக்குப் பதிலாக ஒரு குறியீட்டு எண்ணில்தான் வைக்கப்படும். சில ஆய்வுகளில் பாஸ்போர்ட் எண்ணையோ அடையாள எண்ணையோ கேட்பார்கள். பெரும்பாலும் கிளினிக் பதிவேட்டோடு உங்கள் பதிலைப் பொருத்திப் பார்ப்பதற்காக இருக்கும். ஏன் வேண்டும், யார் பார்ப்பார்கள், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், இங்கே எல்லோரும் சொல்கிற மாதிரி பொப்பியா, உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியதாக வைத்திருக்கிறது. இந்தக் கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மொழி அடுத்த சிக்கல். டர்பனில் படிவம் ஆங்கிலத்திலும், இசிசுலு என்கிற ஜூலு மொழியிலும் இருக்கும். தமிழில் நான் பார்த்ததில்லை. ஆனால் ஒப்புதல் என்பது உங்களுக்குப் புரிந்தால்தான் ஒப்புதல். தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 12ஆம் பிரிவே, விஷயம் தெரிந்து சம்மதிக்காத யாரையும் மருத்துவ, அறிவியல் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. அதனால் தயங்காமல், தமிழில் விளக்க ஆள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு நாளில் திருப்பித் தருகிறேன் என்று சொல்லுங்கள். அதை மறுக்கிற ஆய்வில் சேர வேண்டிய அவசியம் இல்லை. படித்துச் சொல்ல ஒருவரைத் தேடும்போது, உங்களைச் சேர்த்துவிட ஆசைப்படும் மாமியாரையோ வேண்டவே வேண்டாம் என்று மிரட்டும் மச்சானையோ கூப்பிடாமல், பொறுமையாக வரி வரியாகப் படிக்கிற ஆளாகப் பாருங்கள். கோயிலில் தமிழ் வகுப்பு எடுக்கும் டீச்சர்கள் இதற்குப் பொருத்தமானவர்கள் என்பது என் அனுபவம்.

உட்கார்ந்து பேசும்போது நான் எல்லோரிடமும் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை. என் ரத்தத்தில் ஏதாவது தெரிந்தால் எனக்குச் சொல்வீர்களா, எத்தனை நாளில், யார் மூலமாக? சுகர் அதிகம் என்று தெரிந்தால் கடிதம் எழுதிக் கொடுத்து கிளினிக்குக்கு அனுப்புவீர்களா, இல்லை எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போய்விடுவீர்களா? ஆய்வு முடிந்ததும் இந்தப் பகுதியில் கூட்டம் போட்டு முடிவைச் சொல்வீர்களா? பணம் யாருடையது, பாதியில் நின்றால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வி வெறும் சம்பிரதாயம் இல்லை. 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, தென்னாப்பிரிக்காவில் நடந்துகொண்டிருந்த சோதனைகள் சில பாதியிலேயே நின்றன. பங்கேற்றவர்களை அவசரமாகத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு எங்கள் குழுவில் எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் பணத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

அப்புறம் காசு விஷயம். கொடுப்பார்கள். அது சம்பளம் இல்லை, உங்கள் நேரத்துக்கும் சிரமத்துக்கும் டாக்ஸிச் செலவுக்கும் ஈடு. இங்கே டாக்ஸி என்றால் மினிபஸ். வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலைக்கு லீவு போட்டுத்தான் வர வேண்டும் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள், சில மையங்கள் சனிக்கிழமை நேரம் தருவார்கள்.

18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை என்றால் பொதுவாகப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பிள்ளைக்கு விவரம் புரியும் வயது என்றால் அவர்கள் சம்மதமும் வேண்டும். பிள்ளை மாட்டேன் என்றால் மாட்டேன்தான். நம் வீடுகளில் இதை ஏற்றுக்கொள்வதுதான் கஷ்டம்.

ரத்தம் எங்கே போகும்

படிவத்தில் பலர் தாண்டிப் போகும் பக்கம் இது. எடுக்கும் ரத்தத்தை இந்த ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்துவார்களா, மிச்சத்தைச் சேமித்து வேறு ஆய்வுகளுக்கும் கொடுப்பார்களா, மரபணு பார்ப்பார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்று தனித்தனியாக ஆம், இல்லை கட்டங்கள் இருக்கும். முதல் கேள்விக்கு ஆம் என்று போட்டு மற்றவற்றுக்கு இல்லை என்று போடலாம். எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் கேட்டால், பிரித்துத் தரச் சொல்லுங்கள். மாதிரிகளை நாட்டுக்கு வெளியே அனுப்ப ஏற்றுமதி அனுமதி வேண்டும். அனுப்பும் நிறுவனமும் பெறும் நிறுவனமும் போட்டுக்கொள்ள வேண்டிய ஒப்பந்தத்தின் மாதிரியை அரசு 2018இல் அரசிதழிலேயே வெளியிட்டிருக்கிறது.

இதில் நாம் பார்த்துக் கற்க வேண்டியவர்கள் சான் மக்கள். தெற்கு ஆப்பிரிக்காவின் மிகப் பழைய குடிகளில் ஒன்று. வெளியிலிருந்து வந்தவர்கள் அவர்கள் மரபணுவையும் மூலிகை அறிவையும் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள், திரும்பி வந்து சொன்னவர்கள் குறைவு. 2017இல் அவர்களே உட்கார்ந்து தங்களுக்கென்று ஆய்வு நெறிமுறை ஒன்றை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, முறையான நடைமுறை என்று ஐந்தே தலைப்பு. எண்ணிக்கையில் சிறிய சமூகம் ஒன்று பல்கலைக்கழகங்களுக்கு நிபந்தனை போட்டது. கோயில் கமிட்டிகளில் இத்தனை விதிமுறை எழுதும் நமக்கு இது முடியாத காரியம் இல்லை.

ஆய்வு நாளன்று

வெறும் வயிற்றில் வரச் சொன்னார்களா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சர்க்கரைப் பரிசோதனைக்குக் காபி குடித்துவிட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த சூரணம், லேகியம் உட்பட. கேட்டால்தான் சொல்வேன் என்று இருக்காதீர்கள், அவர்களுக்கு அதைக் கேட்கத் தோன்றாது. ஒப்புதல் படிவத்தின் ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். நடுவில் எந்த நிமிடமும் போதும் என்று எழுந்து வரலாம். காரணம் சொல்ல வேண்டாம். அதனால் கிளினிக்கில் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை குறையவும் கூடாது.

மருந்துச் சோதனை என்றால்

இங்கே வேகத்தைக் குறைத்துப் படியுங்கள். மருந்துச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாஃப்ராவின் அனுமதியும் வேண்டும். தேசிய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் அதன் பெயர் இருக்க வேண்டும். யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள். உங்களுக்கு வந்தது மருந்தே இல்லாத பிளாசிபோவாகவும் இருக்கலாம், ஏற்கெனவே உள்ள மருந்தாகவும் இருக்கலாம். டாக்டருக்கே தெரியாதபடியும் வைப்பார்கள். "எனக்கு நல்லதைக் கொடுங்க டாக்டர்" என்று கேட்க முடியாது. சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் சிகிச்சைச் செலவுக்குக் காப்பீடு இருக்க வேண்டும், அந்தப் பத்தி படிவத்தில் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

நல்ல செய்தி வந்தவுடன் நம்பிவிடவும் கூடாது. பெண்கள் பிறப்புறுப்பில் இட்டுக்கொள்ளும் டெனோஃபோவிர் என்ற ஹெச்ஐவி தடுப்பு ஜெல்லை வைத்து கேப்ரிசா 889 பெண்களோடு நடத்திய சோதனை 2010இல் வெளிவந்தபோது உலகமே கைதட்டியது. ஜெல் பயன்படுத்திய பெண்களுக்கு ஹெச்ஐவி தொற்று 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஆணிடம் கேட்காமல் பெண் தானே பயன்படுத்தக்கூடிய தடுப்பு என்பதால் அது பெரிய விஷயம். 2015இல் பெரிய அளவில் மறுபடி சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்தப் பெண்கள் நேரம் வீணாயிற்று என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெண்கள் தாங்களே எடுக்கும் தடுப்பு மருந்து என்ற தேடல் அதோடு நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடையே நடந்த சோதனையில், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபவிர் ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்கும் ஹெச்ஐவி தொற்றவில்லை என்று 2024இல் தெரிந்தது. இங்கே சாஃப்ரா அதற்கு 2025 அக்டோபரில் அனுமதி கொடுத்தது. சோதனைக்கு உடம்பைக் கொடுத்த ஊர்ப் பெண்களுக்கு அது விலை கொடுக்காமல் கிளினிக்கில் கிடைக்க வேண்டும், அந்தக் கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊசியே இல்லாமல், இருக்கிற மருந்தை எப்போது கொடுப்பது என்று பார்த்ததிலும் உயிர்கள் பிழைத்திருக்கின்றன. காசநோயும் ஹெச்ஐவியும் சேர்ந்து இருப்பவர்களுக்கு, காசநோய் சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்காமல் ஏஆர்வியையும் கூடவே கொடுத்தால் இறப்பு 56 சதவீதம் குறைகிறது என்று கேப்ரிசா டர்பன் நோயாளிகளிடம் காட்டியது. புது மாத்திரை ஒன்றும் இல்லை. நேரம்தான் மாறியது.

ஆலோசனைக் குழுவில் இடம் பிடிப்பது

பெரிய மையங்கள் எல்லாவற்றிலும் சமூக ஆலோசனைக் குழு இருக்கும். சர்ச் ஆட்கள், கிளினிக் தன்னார்வலர்கள், இளைஞர் அமைப்புகள் வருவார்கள். நம்மவர்கள் மிகவும் குறைவு. ஐந்தாம் தலைமுறைத் தமிழர்கள்கூட எப்போதாவதுதான் வருகிறார்கள், புதிதாக வந்தவர்கள் வருவதே இல்லை. சேருவதற்குப் பட்டம் தேவையில்லை. மையத்தின் சமூகத் தொடர்பு அலுவலகத்துக்கு எழுதி, அடுத்த கூட்டம் எப்போது, பார்வையாளராக வரலாமா என்று கேட்டால் போதும். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை. எங்கள் குழுவில் மிக நல்ல கேள்வி கேட்கும் அம்மா இசிசுலுவில்தான் பேசுவார், பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கொடுப்பார்.

இந்த யோசனை வெளிநாட்டிலிருந்து வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1940இல் இதே மாகாணத்தின் புல்வர் பக்கம் போலேலா என்ற இடத்தில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதி ஒரு சுகாதார மையம் தொடங்கினார்கள். நோயாளி வரட்டும் என்று உட்காராமல் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள், காய்கறித் தோட்டம் போடச் சொன்னார்கள், ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். பிறகு டர்பனில் லாமண்ட்வில்லிலும், இந்தியர்கள் வாழ்ந்த ஸ்ப்ரிங்ஃபீல்டிலும் இதே மாதிரி மையங்கள் நடந்தன. டர்பன் மருத்துவக் கல்லூரியின் ஆரம்ப வருடங்களோடு இந்த வேலைக்கு நேரடித் தொடர்பு உண்டு. இனவெறி அரசு ஆதரவை நிறுத்தியது, கார்க் தம்பதி 1950களின் இறுதியில் நாட்டை விட்டுப் போனார்கள். ஆனால் 1957இல் இங்கே பயிற்சிக்கு வந்திருந்த ஜாக் கைகர் என்ற அமெரிக்க மாணவர் இதைப் பார்த்துவிட்டுப் போய், அமெரிக்காவில் ஏழைகளுக்கான சமூக சுகாதார மையங்களைத் தொடங்கினார். இன்று யாராவது அமெரிக்க முறை என்று பெருமையாகச் சொன்னால் நான் போலேலா பெயரைச் சொல்வேன்.

உங்கள் கேள்வியை ஆய்வாக மாற்றுவது

இதுவரை சொன்னது, அவர்கள் வரும்போது நீங்கள் என்ன செய்வது என்பது. நீங்களே அவர்களிடம் போகலாம். அதுதான் அதிகம் பலன் தருவது, அதைத்தான் யாரும் செய்வதில்லை.

மெரிபேங்கைப் பாருங்கள். இந்தியர்கள் நிறைய வாழும் பகுதி. இனவெறி ஆட்சி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவிலேயே மக்களைக் குடிவைத்தது. பிள்ளைகளுக்கு இளைப்பு வருகிறது என்று அம்மாக்கள் பல வருடம் சொன்னார்கள். ஆலைக்காரர்கள், வீட்டில் ஊதுபத்தி கொளுத்துகிறீர்கள், தூசி இருக்கிறது என்கிற மாதிரி பதில் சொல்வது எங்கும் வழக்கம்தான். 2000களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஆலைக்கு அருகில் உள்ள செட்லர்ஸ் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு அளவில் ஆஸ்துமா இருந்தது. காற்றில் மாசு கூடிய நாட்களை ஒட்டி மூச்சுத் திறன் குறைவதும் தெரிந்தது. அடுத்த ஆய்வில் டர்பனின் தெற்குப் பள்ளிகளையும் வடக்குப் பள்ளிகளையும் ஒப்பிட்டார்கள். தெற்குப் பிள்ளைகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு போராடியது. அரசின் தெற்கு டர்பன் திட்டத்தில் காற்றை அளக்கும் நிலையங்கள் வந்தன, கந்தக டையாக்ஸைடு அளவு இறங்கியது. அம்மாக்கள் இல்லாமல் ஆய்வு வந்திருக்காது, ஆய்வு இல்லாமல் அம்மாக்கள் சொன்னதை யாரும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் தெருவில் உள்ள கேள்வி வேறாக இருக்கலாம். வேலைக்கு வந்த இளைஞர்களுக்கு முப்பது வயதிலேயே சுகர் வருகிறதே ஏன்? ஹோட்டல் சமையலறையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் நம் பையன்களின் பிரஷர் எப்படி இருக்கிறது? மொழி தெரியாமல் கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு எத்தனை மாதம் தாமதமாகப் போகிறார்கள்? இவை எல்லாமே ஒரு முதுகலை மாணவர் எடுத்துச் செய்யக்கூடிய ஆய்வுகள்.

முதலில் இதே பிரச்சினை உள்ள நாலைந்து குடும்பங்களைப் பேச வையுங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். பிறகு ஒரே ஒரு பக்கத்தில் கடிதம்: நாங்கள் யார், எங்கே இருக்கிறோம், என்ன பார்க்கிறோம், என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறோம், எங்களால் என்ன தர முடியும். கடைசி வரி முக்கியம். கோயில் மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமை தருகிறோம், தமிழில் விளக்க இரண்டு பேர் இருக்கிறோம், காவடி அன்றும் ஆடிக் கூழ் அன்றும் இவ்வளவு பேர் கூடுவார்கள் என்று எழுதுங்கள். ஆய்வாளர்களுக்கு ஆள் திரட்டுவதுதான் பெரிய தலைவலி, அதை நீங்கள் தீர்க்கிறீர்கள். பதிலுக்கு, படிவத்தைத் தமிழிலும் தர வேண்டும், முடிவை அதே மண்டபத்தில் வந்து சொல்ல வேண்டும் என்று கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மையத்தின் இயக்குநருக்கு அனுப்பாதீர்கள், அவர் விமானத்தில் இருப்பார். பொதுச் சுகாதாரத் துறைக்கும் மையத்தின் சமூகத் தொடர்பு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் நேரில் போங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை ஊரே விடுமுறையில் இருக்கும், அப்போது அனுப்பினால் கடிதம் அடியில் போய்விடும். மாணவர்கள் ஆய்வுத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் பிப்ரவரியில் அனுப்புங்கள்.